கப்பல் டிக்கெட் 32,000 ரூபாய்தானா? முகப்பேரிலிருந்து ஒரு க்ரூஸ் கணக்கு



ராத்திரி பதினோரு மணி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் முடிச்சு, முகப்பேர் மேற்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தாச்சு. தூக்கம் வரலை, போனை எடுக்கிறீங்க. நீலக் கடல், வெள்ளைக் கப்பல், நீச்சல் குளம். கீழே பெரிய எழுத்துல "32,000 ரூபாய் முதல்". அதுக்குக் கீழே சின்ன எழுத்துல "நோ காஸ்ட் இஎம்ஐ உண்டு".

விரல் தானா அந்த பட்டன் பக்கம் போகும். எனக்கும் போச்சு.

எனக்கு ஒரு காரணமும் இருந்தது. எங்க தாத்தா அறுபதுகள்ல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்கு போனவர். அந்தக் காலத்துல 'ரஜூலா'ங்கிற கப்பல் மெட்ராஸ்ல கிளம்பி, நாகப்பட்டினத்துல ஆளை ஏத்திக்கிட்டு, பினாங்கு வழியா சிங்கப்பூர் வரைக்கும் போகும். அதுக்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல் ஓடுச்சு. 1985-ல அதுல தீ விபத்து நடந்ததோட அந்த சர்வீஸே நின்னு போச்சு. தாத்தா இறங்கின ஊரை ஒரு தடவை பார்க்கணும்னு அப்பா ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தார். அவருக்கு 60 வயசு ஆகப் போகுது. விளம்பரத்துல வந்த கப்பல் சிங்கப்பூர்ல கிளம்பி பினாங்கு போகுது. இதை விட்டா எப்போன்னு தோணுச்சு.

பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மொத்தம் எவ்வளவுடா ஆகும்?"

என்கிட்ட பதில் இல்லை. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. க்ரூஸ் போகாதீங்கன்னு சொல்ல வரலை. விளம்பரத்துல இருக்கிறது டிக்கெட் விலை, பயணத்தோட விலை வேற. அந்த ரெண்டாவது விலையைத் தெரிஞ்சுக்கிட்டு, அந்தப் பணத்தை முன்னாடியே சேர்த்துட்டுப் போங்க. இதுதான் நான் சொல்ல வர்ற விஷயம்.

விளம்பர விலையில என்ன இருக்கு, என்ன இல்லை?

முதல்ல ஒரு விஷயம். க்ரூஸ் விலை எப்பவுமே "ஒரு ஆளுக்கு, ரெண்டு பேர் ஒரு கேபின்ல தங்கினா"ங்கிற கணக்குல போடுறது. நீங்க தனியா போனா, பல கப்பல்கள்ல கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசையும் நீங்களே கொடுக்கணும். "முதல்"னு போட்டிருக்கிறது ஜன்னல் இல்லாத உள் கேபினோட விலை.

இந்த விலைக்குள்ள அடங்குறது: கேபின், முக்கிய உணவகங்கள்ல மூணு வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், பெரும்பாலான நிகழ்ச்சிகள்.

அடங்காதது: துறைமுகக் கட்டணம், வரி, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் (இதைப் பல கப்பல்கள்ல தினமும் தானாகவே உங்க கணக்குல ஏத்திடுவாங்க), ஸ்பெஷல் உணவகங்கள், மதுபானம், சில கப்பல்கள்ல கூல் டிரிங்ஸ் கூட, இன்டர்நெட், போட்டோ, ஸ்பா, கரையில சுத்திக் காட்டுற டூர். கப்பல் கிளம்புற ஊருக்கு நீங்க போய்ச் சேர்ற செலவும் இதுல கிடையாது.

உதாரணக் கணக்கு: ரெண்டு பேர், சிங்கப்பூர்ல இருந்து 3 இரவு

கீழே இருக்கிறது உதாரணத்துக்காக நான் ரவுண்ட் பண்ணின எண்கள். சீசன், கப்பல், டாலர் விலையைப் பொறுத்து மாறும். நீங்க புக் பண்ணும்போது உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

- கப்பல் கட்டணம் (32,000 × 2): 64,000
- துறைமுகக் கட்டணம், வரி: 18,000
- டிப்ஸ் (ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு சுமார் 18 டாலர்): 9,500
- சென்னை–சிங்கப்பூர் விமானம், போக வர: 44,000
- சிங்கப்பூர் விசா, ஏஜென்ட் கட்டணம் சேர்த்து: 7,000
- முதல் நாள் ராத்திரி சிங்கப்பூர்ல ஹோட்டல்: 12,000
- பயணக் காப்பீடு: 2,000
- ரெண்டு துறைமுகத்துலயும் சுத்துற செலவு: 12,000
- கப்பல்ல கைச்செலவு: 8,000
- கார்டு ஃபாரெக்ஸ் மார்க்அப்: 1,200

மொத்தம்: 1,77,700 ரூபாய்.

64,000-னு நினைச்சு ஆரம்பிச்சது கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆயிடுச்சு. இதுல யாரும் உங்களை ஏமாத்தலை. எல்லாமே விதிமுறைப் பக்கத்துல எழுதி இருக்கு. நாமதான் அந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்லை.

நியாயமா இன்னொரு பக்கமும் பார்க்கணும். முதல் மூணு வரியைக் கூட்டினா 91,500. அதை ரெண்டு பேர், மூணு இரவுன்னு வகுத்தா ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 15,250 ரூபாய். அதுக்குள்ள ரூம், சாப்பாடு, ஊர் விட்டு ஊர் போற பயணம், பொழுதுபோக்கு எல்லாம் வந்துடுது. அப்படிப் பார்த்தா அநியாய விலைன்னு சொல்ல முடியாது. பிரச்சினை விலையில இல்லை. 64,000 தயாரா வச்சுக்கிட்டு 1,77,700 ரூபாய் பயணத்துக்குக் கிளம்பினா, மீதி 1,13,700 கிரெடிட் கார்டுல போய் உட்காரும். பிரச்சினை அங்கதான்.

ஹோட்டல் எதுக்கு ஒரு நாள் முன்னாடியேன்னு கேட்பீங்க. கப்பல் கிளம்புற அன்னைக்குக் காலை விமானத்துல போய் இறங்கலாம்னு தோணும். விமானம் தாமதமானா கப்பல் உங்களுக்காக நிக்காது. 12,000 மிச்சம் பிடிக்கப் போய் மொத்தப் பயணத்தையும் இழக்கக் கூடாது.

விசா விஷயத்துலயும் ஒரு கவனம் வேணும். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது நீங்க ரெண்டாவது தடவை அந்த நாட்டுக்குள்ள நுழையறீங்க. அதனால பலமுறை நுழையற விசா இருக்கான்னு பாருங்க. நடுவுல வர்ற நாடுகளோட விதிகள் அடிக்கடி மாறுது. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே அதையும் சரிபார்த்துடுங்க.

துறைமுகத்துல உங்களுக்குக் கிடைக்கிற நேரம்

க்ரூஸ் போறதுல பாதி ஆசையே புது ஊர்கள்ல இறங்கிப் பார்க்கிறதுதான். அதனால அட்டவணையை இன்னும் கவனமா படிக்கணும்.

"காலை 9 முதல் மாலை 6 வரை"ன்னு போட்டிருந்தா, உங்களுக்கு 9 மணி நேரம் கிடைக்கும்னு நினைக்காதீங்க. கப்பல் நின்ன பிறகு அனுமதி கிடைச்சு, வரிசையில நின்னு இறங்கவே ஒரு மணி நேரம் போகலாம். கிளம்புறதுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே எல்லாரும் ஏறியாகணும். அதுக்கு மேல, துறைமுகம் ஊருக்குள்ள இருக்கா, ஊருக்கு வெளியே இருக்கான்னு பார்க்கணும்.

எங்களுக்கு நடந்ததையே சொல்றேன். முதல் துறைமுகம் மலேசியாவோட கிள்ளான். கோலாலம்பூர் போகலாம்னு ஒரு ஏஜென்ட்கிட்ட முன்பணம் கட்டி டூர் எடுத்தேன். கிள்ளான் துறைமுகத்துல இருந்து கோலாலம்பூர் 40 கிலோமீட்டருக்கும் மேல. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஊருக்குள்ள எங்களுக்குக் கிடைச்சது ரெண்டே மணி நேரம். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்தோம், அவ்வளவுதான். வர்ற வழியில அப்பா பஸ்லயே தூங்கிட்டார். காசு கட்டுறதுக்கு முன்னாடி மேப்பை ஒரு தடவை பார்த்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது. இது என் தப்பு.

அடுத்தது பினாங்கு. அங்க கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறை ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே இருக்கு. இறங்கி நடந்தாலே லிட்டில் இந்தியா வந்துடும். குயீன் ஸ்ட்ரீட்ல 1833-ல கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு. டூர் செலவு இல்லை, டாக்ஸி செலவு இல்லை. ரெண்டு பேரும் நடந்தே சுத்தினோம். தாத்தா எந்தக் கடையில வேலை பார்த்தார்னு எங்களுக்குத் தெரியாது. அப்பா கோயில் வாசல்ல ஒரு பத்து நிமிஷம் நின்னார். அப்புறம், "இங்க வந்து சாமி கும்பிடாம இருந்திருக்க மாட்டார்டா"ன்னு சொன்னார். அன்னைக்கு நாங்க செலவு பண்ணினது சாப்பாட்டுக்கும் டீக்கும் மட்டும்தான்.

அதனால ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இந்த மூணு கேள்வியைக் கேளுங்க:

1. படகுத்துறையில இருந்து பார்க்க வேண்டிய இடம் எவ்வளவு தூரம்? 2 கிலோமீட்டருக்குள்ள இருந்தா டூர் வேண்டாம், நடந்துடுங்க.

2. கப்பல் கரையிலேயே நிக்குதா, இல்லை நடுக்கடல்ல நின்னு சின்னப் படகுல கொண்டு போவாங்களா? படகுன்னா போக வர கூடுதல் நேரம் ஆகும். வயசானவங்களுக்கு ஏறி இறங்கவும் சிரமம்.

3. தூரமான இடம்னா, கப்பல் நிறுவனமே நடத்துற டூரா? அந்த டூர் தாமதமானா பொதுவா கப்பல் காத்திருக்கும். நீங்களா வெளியே எடுத்த டாக்ஸி டிராஃபிக்ல மாட்டினா காத்திருக்காது. அடுத்த துறைமுகம் வரைக்கும் விமானம் பிடிச்சுப் போற செலவு உங்களோடது.

சென்னையிலேயே கப்பல் ஏற முடியாதா?

முடியும். முகப்பேர்ல இருந்து சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். திருமங்கலத்துல மெட்ரோ ஏறி, சென்ட்ரல்ல மாறி, அந்தப் பக்கம் போயிடலாம். மேல போட்ட கணக்குல விமானம், விசா, ஹோட்டல் மூணும் சேர்ந்து 63,000 ரூபாய். உள்நாட்டு க்ரூஸ்னா அது மொத்தமும் மிச்சம்.

கார்டிலியா நிறுவனத்தோட 'எம்ப்ரஸ்' கப்பல் 2022 ஜூன் 4 அன்னைக்கு சென்னையில இருந்து பயணத்தை ஆரம்பிச்சது. அப்போ முதல்வரா இருந்த மு.க. ஸ்டாலின் கொடியசைச்சுத் தொடங்கி வச்சார். 1990-ல கட்டின 11 தளக் கப்பல் இது. முன்னாடி ராயல் கரீபியன் நிறுவனத்துகிட்ட இருந்தது. 2023 ஜூன்ல இதே கப்பல் சென்னையில இருந்து இலங்கைக்குப் போச்சு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு மூணு துறைமுகம்.

ஆனா சென்னையில வருஷம் முழுக்கக் கப்பல் கிடைக்காது. மேற்குக் கடற்கரையில தென்மேற்குப் பருவமழை அடிக்கிற மாசங்கள்லதான் கப்பல் பெரும்பாலும் நம்ம பக்கம் வருது. அதனால முதல்ல கப்பல் தேதியைப் பாருங்க, பிறகு லீவ் போடுங்க.

இன்னொரு முக்கியமான பாடமும் இந்தக் கப்பல்லயே இருக்கு. 2022-ல அது புதுச்சேரிக்குப் போனப்போ, அங்க எதிர்ப்பு கிளம்பி, அனுமதி கிடைக்கலை. பயணிகள் புதுச்சேரியில இறங்காமலே திரும்பினாங்க. 2025 ஜூலையிலதான் அந்தக் கப்பல் பயணிகள் படகுகள் மூலமா புதுச்சேரியில இறங்கினாங்க. க்ரூஸ் ஒப்பந்தங்கள்ல பொதுவா ஒரு வரி இருக்கும்: வானிலை, அனுமதி மாதிரியான காரணங்களால துறைமுகத்தை மாத்தவோ விடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்த ஊர் போகலைங்கிறதுக்காக டிக்கெட் காசைத் திரும்பக் கேட்க முடியாது. ஒரே ஒரு ஊரைப் பார்க்கணும்னுதான் கப்பல் ஏறப் போறீங்கன்னா, அந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

கப்பல்ல போகணும், ஆனா பட்ஜெட் கம்மி

ரெண்டு வழி இருக்கு. ரெண்டும் சொகுசு க்ரூஸ் இல்லை, ஆனா நிஜமான கடல் பயணம்.

ஒண்ணு, நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல். 2023 அக்டோபர் 14-ல தொடங்கி, இடையில நின்னு, 2024 ஆகஸ்ட்ல 'சிவகங்கை' கப்பலோட திரும்ப ஆரம்பிச்சது. சில மணி நேரத்துல யாழ்ப்பாணம் பக்கம் இறங்கிடலாம். கீரிமலை நகுலேஸ்வரம், நல்லூர் கந்தசாமி கோயில் ரெண்டையும் அவசரமில்லாம பார்க்கலாம், ஏன்னா உங்களை விட்டுட்டுப் போற கப்பல்னு ஒண்ணு அங்க நிக்கிறதில்லை. பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான அனுமதியும் வேணும். மழைக்காலத்துல சர்வீஸ் நிக்கும், அதனால கேட்டுட்டுக் கிளம்புங்க.

ரெண்டாவது, சென்னையில இருந்து அந்தமான் போற அரசு பயணிகள் கப்பல். ஸ்ரீ விஜயபுரம் (பழைய பேர் போர்ட் பிளேர்) போக சுமார் மூணு நாள். நீச்சல் குளம், ஷோ எதுவும் கிடையாது. பங்க் வகுப்புல போனா டிக்கெட் சில ஆயிரத்துக்குள்ள முடியும். போக கப்பல், வர விமானம்னு வச்சுக்கிட்டா லீவும் மிச்சம்.

சம்பளக்காரங்க கவனிக்க வேண்டிய வரி விஷயம்

வெளிநாட்டு டூர் பேக்கேஜை ஏஜென்ட் மூலமா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025–26 நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் 5% பிடிச்சாங்க. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் இது மாறுது, அதனால புக் பண்ற அன்னைக்கு எவ்வளவுன்னு கேளுங்க. 1 லட்ச ரூபாய் பேக்கேஜுக்கு 5%னா 5,000. இது செலவு இல்லை, உங்க பான் எண்ணுல முன்கூட்டியே கட்டின வரி. ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். 2024 அக்டோபர்ல இருந்து இதை உங்க கம்பெனிகிட்ட சொல்லி, சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்-ஐயும் குறைச்சுக்கலாம். பல பேர் இதைக் கேட்காமலே விட்டுடுறாங்க.

எல்டிஏ? வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிடையாது. புது வரி முறையில இருந்தீங்கன்னா உள்நாட்டுப் பயணத்துக்கும் விலக்கு இல்லை.

ஆபீஸ் கொடுக்கிற மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள மட்டும்தான். கப்பல்ல டாக்டரைப் பார்க்கிறதுக்குத் தனிக் கட்டணம். பயணக் காப்பீட்டுல க்ரூஸும் அடங்குதான்னு கேட்டு வாங்குங்க.

போனை ஏரோபிளேன் மோடுல போட்டுடுங்க. நடுக்கடல்ல கப்பலோட நெட்வொர்க்ல உங்க சிம் தானா ஒட்டிக்கிட்டா, அந்த பில் தனிக் கதை.

இஎம்ஐயா, ஆர்டியா?

1,77,700 ரூபாயை 14% பெர்சனல் லோன்ல எடுத்து 18 மாசத்துல கட்டினா, மாசம் சுமார் 11,000. மொத்தம் கட்டுறது சுமார் 1,98,000.

அதே 18 மாசத்துக்கு மாசம் 9,500 ரூபாய் ஆர்டியில போட்டா, 6.5% வட்டியில சுமார் 1,79,800 கையில வரும். உங்க பாக்கெட்ல இருந்து போனது 1,71,000.

ரெண்டுக்கும் வித்தியாசம் 27,000 ரூபாய். அதே பயணம், அதே கேபின்.

"நோ காஸ்ட் இஎம்ஐ"லயும் காஸ்ட் உண்டு. பிராசஸிங் கட்டணம் இருக்கும். தள்ளுபடியா காட்டுற அந்த வட்டி மேல வங்கி 18% ஜிஎஸ்டி போடும். மொத்தமா கட்டுறவங்களுக்குக் கிடைக்கிற ஆஃபரும் உங்களுக்குக் கிடைக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அவசர கால நிதியா ஆறு மாசச் செலவு இன்னும் சேரலைன்னா, முதல்ல அதை முடிங்க. அதுல இருந்து கப்பலுக்கு எடுக்காதீங்க.

கடைசியா

அன்னைக்கு ராத்திரி நான் கணக்கைக் காட்டினப்போ அப்பா சொன்னார்: "கடன்ல எதுக்குடா? எங்க அப்பா போன ஊரு எங்கயும் ஓடிடாது. சேர்த்துட்டுப் போலாம்." அம்மா, "எனக்கு பஸ்லயே தலை சுத்தும், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க"ன்னு முடிச்சுட்டாங்க. 18 மாசம் ஆர்டி போட்டோம். அப்பாவோட அறுபதாவது பிறந்தநாள் தாண்டி நாலு மாசம் கழிச்சுத்தான் போக முடிஞ்சது. அவர் அதை ஒரு குறையாவே சொல்லலை.

திரும்பி வந்த மாசம் சம்பளம் வந்தப்போ, கப்பலுக்குன்னு ஒரு ரூபாய் கூட வெட்டலை.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஊர், ஒரு ஆசை இருக்கலாம். இன்னைக்கே ஒரு பேப்பர் எடுத்து, மேல இருக்கிற பத்து வரியையும் எழுதி, உங்க எண்களை நிரப்புங்க. வர்ற மொத்தத்தை 18-ஆல வகுங்க. அந்தத் தொகையை மாசா மாசம் உங்களால எடுத்து வைக்க முடியும்னா, உங்க கப்பல் எப்போ கிளம்பும்னு தெரிஞ்சுடும். முடியலைன்னா 24-ஆல வகுத்துப் பாருங்க.

கணக்குல சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. இதே கணக்கை எக்செல் ஷீட்ல வரி வரியா போட்டுக் காட்டுறதை நம்ம சேனல் வீடியோவுல பார்க்கலாம். அடுத்த பதிவுல சந்திப்போம்.